ஏரிக்கரை தாண்டி இடது, ஐந்து

எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் பெண்மணி காலை ஒன்பது மணி வாக்கில் வருவார். பனி இறுகிக் கிடக்கும் திருப்பத்தில் மற்றவர்கள் ஊர்ந்து போவார்கள். அவர் வேகத்தைக் குறைப்பதில்லை. வண்டியின் பின்பக்கத்தை ஒரு பக்கமாக வழுக்கவிடுவார். அது அரைவட்டம் போட்டுத் தபால்பெட்டி வரிசைக்கு நேராக வந்து நிற்கும். கண்ணாடியை இறக்கிக் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஓரத்துப் பெட்டிக்குக் கை எட்டவேண்டும் என்பதற்காக அவர் வண்டியில் மட்டும் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும், நம்மூர் வண்டிகளைப் போல. பின்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், என் குறிப்பேட்டின்படி நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இதை முதன்முதலாகப் பார்த்துப் பதறி ஓடினேன். "தள்ளிவிடட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நிற்கவேண்டிய இடத்தில் சரியாக நிற்கும் வண்டியைப் பார்த்தார். "எங்கே?" என்று கேட்டார்.

ராலி பந்தயத்தை இந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பது அன்றைக்குப் பாதி விளங்கியது. நான் செங்கல்பட்டுக்காரன். ஐ.டி.ஐ. முடித்து, மறைமலைநகரில் பதினோரு ஆண்டு வேலை செய்து, இப்போது மூன்று குளிர்காலமாக இங்கே காட்டுமரம் வெட்டும் இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் பழுது பார்க்கிறேன். பட்டறையில் என் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் ஜனவரி பிறந்து, ஆல்ப்ஸ் மலைப் பாதையில் உலக ராலி சீசன் தொடங்கும் வாரத்தில், வாய் திறக்காத மனிதர்கள் காப்பிக் கோப்பையோடு என்னிடம் வருவார்கள். ஈரத்தாரும் பனியும் கலந்த சாலைக்கு எந்த டயர் போடுவார்கள், யார் எந்த அணிக்கு மாறினார், புதுக் காரின் பின்பக்கம் நிற்குமா என்று நாற்பது நிமிடம் பேசுவார்கள். நான் பதினாறு வயதிலிருந்து சீசனுக்கு ஒரு நோட்டு என்று எழுதிவருகிறேன்: தேதி, வானிலை, முதல் பத்து இடம், யார் எங்கே விழுந்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் புது நோட்டின் முதல் பக்கத்தில் பெயர்களை எழுதும்போது ஒரு சந்தோஷம் வரும். எல்லோர் பெயருக்கு எதிரிலும் சைபர். உலக சாம்பியனுக்கும் சைபர்தான். இந்த ஆண்டு அந்தப் பட்டியலின் கடைசியில் இன்னொரு பெயரையும் எழுதினேன்: எட்வின். அவனுக்கும் அதே சைபர்.

எட்வின் தண்ணீர் டேங்கர் ஓட்டுபவன். மதுராந்தகத்துக்குக் கிழக்கே அவன் ஊர். அவனுடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலங்களைச் சுற்றிய மண்பாதைகளில் அவன் பழைய காரை ஓட்டினால், புழுதி அடங்குமுன் அடுத்த சவுக்குத்தோப்பைத் தாண்டியிருப்பான். ஐந்து சீசன் அவனுக்கு நான் நேவிகேட்டர். ராலி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் கார்கள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. அடைக்கப்பட்ட சாலையில் ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஸ்டேஜ் என்று பெயர். முதல்நாள் அதே பாதையில் மெதுவாகப் போய் ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண் கொடுத்து எழுதிக்கொள்வோம். பந்தயத்தன்று பக்கத்தில் உட்கார்ந்து அதை உரக்கப் படிப்பதுதான் நேவிகேட்டர் வேலை. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஓட்டுபவனுக்குத் தெரியாது. அவன் கண்ணை நம்புவதில்லை, குரலை நம்புகிறான்.

எங்கள் நோட்டு கடப்பாக்கம் உப்பளப் பாதையில் பிறந்தது. ஒரு ஞாயிறு முழுக்க அங்கே ஓட்டிப் பார்த்து, ஒன்றிலிருந்து ஆறுவரை ஓர் அளவு வைத்தோம். பிரேக்கை எவ்வளவு மிதிக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. ஒன்று என்றால் லேசான வளைவு, காலை எடுக்கவே வேண்டாம். ஆறு என்றால் ஊசிமுனைத் திருப்பம், வண்டி ஏறக்குறைய நின்று திரும்பவேண்டும். "தோப்பு முடிஞ்சதும் ரைட் மூணு, கல்லு கீது, கட் பண்ணாத" என்று நான் படிப்பேன். கட் என்றால் வளைவின் உள்ளோரத்தைக் குறுக்காக வெட்டிப் போவது. மூன்று சீசனுக்கு முன்னால் ஒரு பனைமரத்தடியில் கார் உருண்டது. எனக்கு ஒன்றுமில்லை. எட்வினுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அவன் மனைவி ஸ்டெல்லா ஹெல்மெட்டைப் பூட்டிவைத்தாள். நான் அடுத்த சில மாதங்களில் விமானம் ஏறினேன்.

இந்த ஆண்டு பொங்கல் கழிந்த வாரம் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. "தணிகா மச்சான், வண்டி ரெடி. ஸ்டெல்லா ஒத்துகினா." பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் கேட்டது: "முழுசா சொல்லு, பாதிய முழுங்காத!" பிறகு அவளே போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணா, நான் சொன்னது இதான். மொத ரவுண்ட முழுசா முடிச்சுகினு வூட்டுக்கு வரணும். நடுவுல எங்கியாவது நின்னுச்சோ, ஹெல்மெட்டு பரண் மேல. அப்பால ஜென்மத்துக்கும் கேக்கக்கூடாது. நீங்கதான் சாட்சி." சாட்சி என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

புது நேவிகேட்டர் ரேவதி. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை; முப்பது வயது; ஈ.சி.ஆரில் அவள் ஸ்கூட்டர் ஓட்டுவதைப் பார்த்தவர்கள் ஒதுங்கி நிற்பார்கள் என்று எட்வின் சொன்னான். போட்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமை இருவரும் பாதை பார்த்து நோட்டு எழுதினார்கள். பக்கங்களைப் படம் பிடித்து, வீடியோவையும் எனக்கு அனுப்பினார்கள்.

"நீ ஒரு தபா பாத்துடு மச்சான். உன் கண்ணு பட்டாத்தான் எனக்கு தெகிரியம்."

"ரேவதி எழுதிகீறாளே, அப்புறம் நான் இன்னாத்துக்கு?"

"அவ நல்லாத்தான் எழுதிகீறா. ஆனா நீ பாத்த மாரி ஆவுமா? இன்னாடா, ஐஸ்ல குந்திகினு பந்தா பண்றியா?"

பந்தா எதுவுமில்லை, பூரித்துப்போயிருந்தேன். மதியம் இரண்டு பத்துக்கு, அங்கே மாலை ஐந்து நாற்பது, பட்டறையின் காப்பி இடைவேளையில் நோட்டைத் திறந்தேன். மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் கொடியசைப்புக்குக் கார்கள் வரிசையாக நிற்கும் நேரம் அது. சிற்பப் பட்டறைகளின் கல்தூசு படிந்த கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும். ஏழு இடங்களைத் திருத்தி அனுப்பினேன். ஆறு இடங்களில் சின்னச் சின்ன விஷயம்: ஒரு பள்ளம், ஒரு வேலிக்கல், தூரம். ஏழாவது, மூன்றாம் ஸ்டேஜில் ஏரிக்கரை மேட்டைத் தாண்டியவுடன் வரும் இடது வளைவு. வீடியோவில் அது சட்டென்று மடங்கியது. வலப்பக்கம் கரைச்சரிவு, கீழே தண்ணீர். அதற்கு ரேவதி ஐந்து என்று எழுதியிருந்தாள். இவ்வளவு மோசமான வளைவுக்கு ஐந்தா? அடித்துவிட்டு இரண்டு என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கோடும் போட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை யுக்காவோடு உறைந்த ஏரிக்குப் போனேன். யுக்கா என் பட்டறைக்காரர். உள்ளூர் கிளப் போட்டிகளில் ஓட்டுபவர். அவருடைய நேவிகேட்டர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் டிசம்பரிலிருந்து நான்தான் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். எண்களை ஃபின்னிஷ் மொழியில் படிக்க இரண்டு மாதம் பயிற்சி. அவருடைய அளவு வேறு. எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பது அவர் கணக்கு. ஆறு என்றால் முழுவேகம், ஒன்று என்றால் ஊசிமுனை. நாங்கள் ஆபத்தை எண்ணினோம். அவர் வேகத்தை எண்ணுகிறார். பனியில் கம்பம் நட்டு அமைத்த வளைவுகளில் இரண்டு சுற்று முடித்துவிட்டு, மூன்றாவதில் "கக்சி" என்று படித்தேன். இரண்டு. யுக்கா பிரேக்கை அழுத்தினார். பெல்ட் என் தோளை இறுக்கியது. அந்த இறுக்கத்தில்தான் எனக்கு உறைத்தது. எட்வினுக்கு நான் எழுதிக்கொடுத்த இரண்டு, யுக்காவின் இரண்டு. எட்வினின் கணக்கில் இரண்டு என்றால் காலைச் சற்றுத் தளர்த்தினால் போதும், பிரேக் வேண்டாம்.

மணி ஒன்பது நாற்பத்தேழு. அங்கே ஒன்று பதினேழு. மூன்றாம் ஸ்டேஜில் எட்வினின் கார் கிளம்புவது ஒன்று இருபதுக்கு என்று என் நோட்டில் இருந்தது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு எட்வின் எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவள் ஸ்டெல்லா. ஓட்டுபவர்களின் போன்களை சர்வீஸ் கூடாரத்தில் அவள்தான் வைத்திருந்தாள்.

"இன்னா ண்ணா, நாஸ்தா ஆச்சா? உங்காளு இப்பதான் போய்கினு கீறாரு. ரெண்டு ஸ்டேஜு முடிஞ்சிது, எட்டாவது எடம்!"

'ஏரிக்கரை' என்று தொடங்கினேன், முடிக்கவில்லை.

"ஏன், கொரலே வர்ல? இன்னா ஆச்சு?"

சாட்சி என்று சொன்னவளிடம் பொய் சொல்ல முடியாது. "ஸ்டெல்லா, ஏரிக்கரை வளைவுக்கு நான் ஒரு நம்பர மாத்திக் குடுத்தேன். தப்பா குடுத்துட்டேன். அதப் படிச்சா அவன் பிரேக்கே போடமாட்டான்."

அந்தப் பக்கம் ஒலிபெருக்கிச் சத்தமும் ஜெனரேட்டர் சத்தமும் மட்டும் கேட்டன. "யார்கிட்ட சொல்லணும்?" என்றாள். வாக்கிடாக்கி வைத்திருக்கும் அதிகாரியிடம் என்றேன். அவள் ஓடினாள். காய்ந்த தரையில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரிடமோ, "அண்ணாத்த, அண்ணாத்த, ஒரு நிமிசம், பதினாறாம் நம்பர் காரு!" என்றாள். "இப்பதாம்மா உள்ள வுட்டோம்," என்றது ஓர் ஆண்குரல். முப்பது வினாடிதான் ஆகியிருந்தது. ஸ்டேஜுக்குள் போன காரோடு யாராலும் பேச முடியாது.

ஸ்டேஜ் பதினோரு கிலோமீட்டர், ஒன்பது நிமிடம். ஸ்டெல்லா போனை வைக்கவில்லை. திட்டவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை, "அந்த பொண்ணும் உள்ள கீதே ண்ணா," என்றாள். நான் காரிலிருந்து இறங்கி ஏரிப்பனியில் நின்றேன், வெறுங்கை மரத்துப்போனது தெரியாமல். யுக்காவுக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். இறங்கிவந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, மைனஸ் பதினான்கு குளிரில் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பத்தாவது நிமிடம் ஸ்டெல்லா சொன்னாள்: "வந்துட்டாங்க." பிறகு அழுதாள். நானும்தான். யுக்கா என் தோளில் கை வைத்து, ஃபின்னிஷ் மொழியில் இறப்பு வீட்டில் சொல்லும் இரண்டு சொற்களைச் சொன்னார். இல்லை, இல்லை, என் நண்பன் ஸ்டேஜை முடித்துவிட்டான் என்றேன். அவர் சற்று யோசித்தார். "நேரம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நோ நீன்," என்று தொப்பியை மாட்டிக்கொண்டார். எதற்கும் சொல்லும் சொல் அது. சரிதான், போகலாம், ஆகட்டும், எல்லாமே.

மறுநாள் ஞாயிறு கடைசி ஸ்டேஜும் முடிந்து, ஏழாவது இடத்தில் வந்த பிறகுதான் எட்வின் பேசினான். "டேய், இன்னாடா பண்ணி வெச்ச! வெள்ளிக்கெழம நான்தான் இவகிட்ட 'தணிகா சொன்னா கரீட்டாத்தான் இருக்கும், மாத்து'ன்னேன். மாத்திட்டா. நானும் ரெண்டுனு நெனச்சிகினு மேட்டுல ஏத்தறேன், இவ அஞ்சு, அஞ்சுனு கத்தறா! மிதிச்சேன் பாரு. முன் சக்கரம் கரையோரம் போயி, ரெண்டு கல்லு தண்ணில வுழுந்துது. அவ்ளோதான்."

போன் ரேவதியிடம் போனது. "தப்பா நெனச்சிக்காதீங்க ண்ணா. அந்த எடத்துல நான் எறங்கி நடந்து பாத்தேன். சேறு இன்னும் செருப்புல கீது. இவரு புடிவாதம் புடிச்சாரு, அதனால ரெண்டுனு எழுதிகினேன். ஆனா படிக்கல."

"நல்லவேளை படிக்கல," என்றேன்.

"மத்த ஆறும் கரீட்டு ண்ணா. அந்தப் பள்ளத்த நாங்க பாக்கவேல்ல." அவள் சமாதானத்துக்குச் சொல்லவில்லை, குறை எது, சரி எது என்று அறிக்கை கொடுத்தாள். அவள் இடத்தில் நானிருந்தால் எழுதியதைத்தான் படித்திருப்பேன்.

எட்வினிடம், அடுத்த ரவுண்டுக்கு நோட்டை எனக்கு அனுப்பாதே என்றேன். "சரி மச்சான்," என்றான். "வீடியோ அனுப்பறேன். சும்மா பாரு. விசிலு அடி." ஹெல்மெட் பரணுக்குப் போகவில்லை என்று ஸ்டெல்லா பின்னாலிருந்து சொன்னாள். அன்று மாலை என் நோட்டில் எட்வின் பெயருக்கு எதிரே இருந்த சைபரை அடித்துவிட்டு அவன் புள்ளிகளை எழுதினேன். பக்கத்தில், நேவிகேட்டர் என்ற இடத்தில், ரேவதி என்று முழுப்பெயராக எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை யுக்காவுக்குப் போட்டி. இரண்டு பக்கமும் ஆளுயரப் பனிச்சுவர். நடுவில் கண்ணாடி போன்ற பாதை. நான்காவது கிலோமீட்டரில் ஒரு மேடு. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நோட்டுக்கு மட்டுமே தெரியும். "வாசென் வீசி," என்று தெளிவாகப் படித்தேன். இடது, ஐந்து; அவர் கணக்கில் ஏறக்குறைய முழுவேகம். யுக்கா வேகத்தை ஏற்றினார். என் குரலில் நடுக்கமில்லை. அடுத்த வளைவின் எண்ணைக்கூடப் படித்துவிட்டேன். ஆனால் என் வலது கால் தானாக முன்னால் நீண்டு, பிரேக்கே இல்லாத அந்தத் தகரத்தரையை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.