ஆளுக்கொரு காது

மலேசியக் கரையில் ஜொகூர் பாரு நகரம் எதிரே தெரிகிறது. பேருந்துதான் கடற்பாலத்தின் மேல் அசையாமல் நிற்கிறது. சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்பும் கூட்டம் நின்றபடியே கண்ணயர்கிறது. என் பக்கத்தில் வேலைச் சீருடையில் இரண்டு தோழிகள், கவிதாவும் மேரியும். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கைபேசி பார்க்கிறார்கள். திரையில் ஒரு பெண் வேலை முடிந்து வந்து தனியாக முட்டை பொரிக்கிறாள்.

“கார்ட்டூனா?” என்கிறேன்.

“அனிமே, அக்கா,” என்கிறாள் கவிதா. “பேய், சமையல், கோர்ட் கேசு, ஆபீஸ்னு ஜப்பான்காரன்கிட்ட எல்லாம் இருக்கு. மேரி பாக்குற வெள்ளக்காரன் கார்ட்டூன்ல சிரிப்பு மட்டும்தான்.”

“பெரியவங்களுக்கும் எடுக்குறாங்க லா,” என்கிறாள் மேரி.

“அதுலயும் சிரிப்புதானே?”

மேரி என் பக்கம் திரும்புகிறாள். “யாருக்கு இன்னிக்கு வேலை ரொம்ப மோசமோ, அவங்கதான் எந்தப் படம்னு சொல்லணும். அது எங்க ரூல்.”

இருவரும் நாள் முழுக்க நின்று வீங்கிய என் கால்களைப் பார்க்கிறார்கள்.

“இன்னிக்கு நீங்க சொல்லுங்கக்கா,” என்கிறாள் மேரி.

“யாருமே பேசாத கதை இருக்கா?” என்கிறேன்.

கவிதா யோசிக்காமல் ஒன்றைத் தட்டுகிறாள். மேரி தன் காதிலிருப்பதைக் கழற்றி என்னிடம் நீட்டுகிறாள். திரையில் ஒருத்தி துணி மடிக்கிறாள். பேருந்து நகர்ந்ததா என்று நாங்கள் மூவரும் பார்க்கவில்லை.