எனக்குக் கேட்காத கரகரப்பு

பல்லடம் பக்கம் பல வருடம் விசைத்தறி ஓட்டியவன் நான். தொண்ணூறுகளில் ஒரு பழைய ஜீப்பை வாங்கிச் சரிசெய்துகொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனாலே அது கொதித்தது. ரேடியேட்டரைக் கழுவினேன், தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். சூடு குறையவில்லை. இப்படியே ஓட்டினால் எஞ்சினே போய்விடும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் என் மனைவியோடு குண்டடம் வரை ஓட்டிப் பார்த்தேன். கடைவீதி வருவதற்குள் சூட்டு முள் ஏறிவிட்டது. ஓரம் கட்டினேன்.

"ஏனுங்க, ஃபேன் பக்கம் கரகரங்குதே, கேக்கலீங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"மெதுவாத்தான் பேசேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

எஞ்சின் ஆறியதும் ஃபேனைப் பிடித்து அசைத்தேன். லொடலொடவென்று ஆடியது. ஃபேன் மாட்டியிருக்கும், எஞ்சினுக்குத் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பின் பேரிங் தேய்ந்திருந்தது. இவ்வளவு தேய்ந்த பேரிங்கின் சத்தம் எனக்கு எப்படிக் கேட்காமல் போனது என்று விழித்தேன்.

"தறிச் சத்தத்துல உங்க காது மந்தமாயி ரொம்ப நாளாச்சுங்க. பின்ன, நான் எதுக்கு இப்படிக் கத்தறேன்னு நெனச்சீங்க?" என்று சிரித்தாள்.

பம்ப்பை மாற்றியபின் ஜீப் கொதிக்கவில்லை. கரகரப்பும் நின்றுவிட்டதாக அவள்தான் சொன்னாள். அதன்பின் அவளை மெதுவாகப் பேசச் சொன்னதே இல்லை.