உருண்டை ஓட்டையும் சதுர ஓட்டையும்

பிளக் விற்கிறவனுக்கு உலகம் என்பது சுவரில் இருக்கும் ஓட்டைகள்தான். அவையும் நாட்டுக்கு நாடு ஒத்துப்போவதில்லை. சுவிட்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு மின்சாமான் கடையில் மூன்று மாதம் சோதனைக்கு எடுத்தார்கள். அதில் தவறினால் இந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள்?

பேனை

இலங்கையில் எங்கள் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர், வாங்கப்போகும் சார்ஜரைச் சோதித்துப் பார்க்கக் கேட்டார். சுவரைக் காட்டினேன். மனிதர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து மூன்றாவது ஓட்டைக்குள் விடப்போனார். பாய்ந்து கையைப் பிடித்தேன். கடையின் மேலாளர் அம்மா, ஒரு சுவிஸ்காரி, தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். வந்தவர் பதறவே இல்லை. "அண்ணை, இப்ப எங்கடை ஊரிலை மேலை இருக்கிற சதுர ஓட்டைக்குள்ளை பேனையைக் குத்தினாத்தான் மற்ற ரெண்டும் திறக்கும்."

சுவர்

கடைக்கு அடிக்கடி வரும் ராணி அக்கா மலிவென்று ஜெர்மனிக்குப் போய் ஒரு தூசி உறிஞ்சி வாங்கி வந்திருந்தார். அதன் தடித்த வட்டப் பிளக் இங்கத்தைய சின்ன ஓட்டைக்குள் எந்தப் பக்கத்தாலும் போகாது. பிளக்கை மாற்றலாம், இல்லாவிட்டால் அடாப்டர் போடலாம் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். கடைசியில் அடாப்டர்தான் வாங்கினார். அதற்கு முன் அவர் சொன்னது இது: "தம்பி, பிளக்கை வெட்டினா காரண்டி போயிடும். சுவருக்குக் காரண்டி இல்லைத்தானே, சுவரை மாத்தித் தாரும்."

இலங்கை

மூன்றாம் மாதம் மேலாளர் அம்மா இலங்கைக்கு விடுமுறையில் புறப்பட்டார். திரும்பி வந்துதான் என் வேலையைப் பற்றி முடிவு. அங்கே எந்த அடாப்டர் வேண்டும் என்று என்னிடமே கேட்டார். பிறந்த நாட்டுக்குப் பிளக் அட்டவணை பார்க்கிறதா? எங்கள் வீட்டுச் சுவரை நினைத்தேன். மூன்று உருண்டை முனை உள்ளதை எடுத்து நெஞ்சை நிமிர்த்திக் கொடுத்தேன். பேனைக்காரர் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு கிழமை கழித்து வந்தவர், பிரிக்காத அடாப்டர் பெட்டியை என் மேசையில் வைத்தார். போன இடமெல்லாம் சதுர ஓட்டையாம். அவர் ஜெர்மன் மொழியில் நிதானமாகச் சொன்னார்: "ஹோட்டல்காரர் மேல் ஓட்டையை ஒரு பேனையால் குத்தி என் சார்ஜரைச் செருகினார். தமிழர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள், அதனால் வேலை உங்களுக்குத்தான். ஆனால் இலங்கைக்குப் போகிறவர்களை அந்தப் பேனைக்காரரிடம் அனுப்புங்கள்."

முப்பத்தைந்து வருடமாக ஊரை மறக்காதவன் என்று பெருமை பேசிய எனக்கு, அங்கே சுவர் மாறிய சங்கதியை ஒரு சுவிஸ்காரிதான் வந்து சொல்லவேண்டியிருந்தது.