இரண்டாகப் பிரிந்த துளி

இன்று மதியம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு துளி இரண்டாகப் பிரிந்தது. தானாகவே!

தண்ணீரில் எண்ணெய் போலப் பிரிந்து நிற்கும் துளிகள், கொஞ்ச நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். ஆனால் ரசாயனத் தீனி போட்டுக்கொண்டே இருந்தால், கோட்பாட்டின்படி உயிருள்ள செல் போல அவை வளர்ந்து பிரிய வேண்டும். இரண்டு வருடமாக அடம்பிடித்த துளி இன்றுதான் மனம் வைத்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடன்குடி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே என் பேராசிரியருக்கு போன் போட்டேன்.

"சார், ரெண்டாப் பிரிஞ்சிட்டு சார்! ரெண்டும் நல்லா அசையுது. வீடியோகூட இருக்கு!"

பக்கத்து சீட்டு அக்கா சட்டென்று எழுந்தார். "ஏளா, ரெட்டைப் புள்ளைய வச்சுக்கிட்டு நிக்கியே! இங்கன உக்காரு."

நான் வாய் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் வந்தது.

"அக்கா, புள்ள இல்லக்கா. மைக்ராஸ்கோப்ல பாத்த துளி" என்று வீடியோவைக் காட்டினேன். உற்றுப் பார்த்தவர், "மறுபடி ரெண்டும் ஒட்டிக்கிடாதா?" என்றார்.

சார் போனில் கேட்டதும் இதே கேள்விதான்!

"ஒரு மணி நேரம் பாத்துட்டுத்தான் வாரேன், ஒட்டலக்கா."

"அப்ப பொழச்சிக்கிடும்" என்று சிரித்தார்.

இந்த விளக்கம் கண்டக்டர் வரை போகவில்லை. நான் இறங்கும்போது, "பாத்து எறங்குங்கம்மா, மூணு உசுரு!" என்று பஸ்ஸுக்கே கேட்கச் சொன்னார்.

உடன்குடி நண்பர்களே, வாழ்த்துகளைத் துளிகளுக்கு மட்டும் சொல்லுங்கள். அதே ஊரில் இருக்கும் என் மாமியாரிடம் நான் இன்னும் விளக்கம் சொல்லவில்லை.