இதயத்தில் தெரிந்த புகை

என் இதயத்தை நான் முதலில் பார்த்தது சிதம்பரத்தில், காலை பத்தரை மணிக்கு. தொண்டையில் மருந்து தெளித்து மரத்துப்போகச் செய்து, சுண்டுவிரல் கனத்தில் ஒரு குழாயை விழுங்கவைத்திருந்தார்கள். இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தேன். எதிரே திரை. சாம்பல் நிறத்தில் ஒரு அறை, அதன் ஓரத்தில் காதுமடல் போல ஒரு சிறு பை. பைக்குள் புகை சுழன்றுகொண்டிருந்தது.

புகை என்பது என் உவமை அல்ல. "புகை நெறைய இருக்கு சார்," என்றார் கருவியைப் பிடித்திருந்த இளம் டாக்டர். ஓடாமல் தேங்கும் ரத்தம் திரையில் அப்படித்தான் தெரியுமாம். பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். புகைக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவில் ஏதோ ஒன்று சுவரோடு ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தும் அசைந்தது.

"ரத்தக்கட்டி," என்றார். குழாயை உருவினார்கள்.

மூன்று வருடமாக என் இதயத்தின் மேலறைகள் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தன. மணிக்கட்டில் விரல் வைத்தால் இரண்டு துடிப்பு, ஒரு வெற்றிடம், பிறகு அவசரமாக மூன்று. எந்த வரிசையும் மறுபடி வராது. வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என் கையில் மட்டும் பிழை காட்டும். மருந்துக்கடைக்காரர் இரண்டு முறை கருவியை மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் முறை என் முகத்தைப் பார்த்தார்.

அன்று சிதம்பரம் போனது அந்த நடுக்கத்தை நிறுத்தத்தான். தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுற்றிச் சுட்டு, வடு உண்டாக்குவார்கள். வடுவைத் தாண்டி மின்துடிப்பு போகாது. அதற்கு முன் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

"மாத்திரையை விட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் போடும் மாத்திரையைக் கேட்கிறார்.

"அஞ்சு நாளா போடல. நிறுத்தச் சொல்லித் தாள்ல எழுதியிருந்தது."

"எந்தத் தாள்ல?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்ற என் மனைவியிடம் நீட்டினார்.

அது முந்தின வருடம் கடலூரில் நடந்த குடலிறக்க அறுவைக்கான தாள். இந்தச் சிகிச்சைக்கு எல்லா மாத்திரையும் வழக்கம்போலப் போட வேண்டும் என்று சிதம்பரத்திலிருந்து ஒரு நர்ஸ் போனில் சொல்லியிருந்தார். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் நின்று அதைக் கேட்டேன். பொதுவாகச் சொல்கிறார், இந்த ஒரு மாத்திரைக்கு வீட்டில் இருக்கும் தாள்தான் விதி என்று நினைத்தேன். முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவன். போனில் வந்த சொல்லும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிற தாளும் முரண்பட்டால் தாளை நம்பு என்பது எங்கள் பாடம். தாளின் தேதியைப் பார் என்பது அதற்கும் முந்தின பாடம்.

"இப்ப கம்பி உள்ள போனா இது கழண்டுக்கும்," என்றார் டாக்டர். "மூளைக்குப் போனா பேச்சு போவலாம், ஒரு பக்கம் விழலாம். எட்டு வாரம் மாத்திரைய ஒரு வேளைகூட விடாம போட்டுட்டு வாங்க. பாப்போம்."

"கம்பி போவலன்னா கழலாதுல்ல?" என்றாள் என் மனைவி.

"கழலலாம். வாய்ப்பு கம்மி."

திரும்பும்போது காரை ஓட்டியது அவள் தம்பி. புதுச்சத்திரம் தாண்டி ஒரு வேகத்தடை. அவள் முன்னால் சாய்ந்து, "மெதுவா ஏத்துடா," என்றாள். ஆலப்பாக்கத்தில் இன்னொன்று. "மெதுவா." வெயில் அடித்தது. சாலையோரம் யாரோ நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நெஞ்சின் மேல் கை வைக்காமல் இருக்க முயன்றேன்.

அந்த எட்டு வாரமும் எனக்குள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வலி இல்லை, பாரம் இல்லை. பேச்சில்தான் அதைத் தேடினேன். ஒரு சொல் வரத் தாமதித்தால் போதும், சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். அவள் காத்திருக்கிறாள் என்று தெரியும். சொல் வந்ததும் சத்தம் மறுபடி தொடங்கும். சில சமயம் அடுத்த அறையிலிருந்து, "இன்னிக்கி என்னா கெழமை?" என்பாள். காலண்டர் அவள் எதிரில்தான் மாட்டியிருந்தது.

மைத்துனன் எங்கிருந்தோ ஒரு சோதனை கற்றுவந்திருந்தான். பக்கவாதம் வந்தால் முதலில் சிரிப்பு கோணுமாம். தினமும் காலை எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான்.

"மாமா, சிரிங்க."

"உன் மூஞ்சியப் பாத்தா எப்டிடா சிரிப்பு வரும்?"

"பேச்சு வருது. வச்சிடறேன்."

ஐந்தாம் வாரம் ஒரு காலை, நான் சிரித்தேன். திரையில் அவன் முகம் மாறியது. "மாமா, கோணுது. அக்காவக் கூப்புடுங்க. அக்கா!" திரையின் மூலையில் சிறு கட்டத்தில் என் முகத்தைப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. "நல்லாதான்டா இருக்கேன்," என்றேன். அவன் பதில் சொல்லாமல் கத்திக்கொண்டே இருந்தான். நான் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. என் மனைவி ஓடிவந்து இரு கைகளாலும் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவன் பக்கம் படம் உறைந்துவிட்டிருந்தது, அவ்வளவுதான். பாதிச் சிரிப்பில் நின்ற என் முகத்தை அரை நிமிடம் அவன் பார்த்திருக்கிறான். படமாக எடுத்தும் வைத்திருந்தான். பிறகு அனுப்பினான். வாயின் இடது ஓரம் தொங்கியிருந்தது. அதில் இருப்பவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஐந்து வாரமாக நான் பயந்துகொண்டிருந்த ஆள்.

எட்டு வாரம் முடிந்து மறுபடி அதே குழாய், அதே திரை. பை காலியாக இருந்தது. புகை மெலிந்திருந்தது. "எங்க போச்சு?" என்று பிற்பாடு கேட்டேன். "கரைஞ்சிருக்கும்," என்றார் டாக்டர். கரைந்ததை யாரும் பார்க்கவில்லை.

அன்றே கம்பியைச் செலுத்தினார்கள். மயக்கம் முழுதாக இல்லை. நெஞ்சின் ஆழத்தில் சூடு, பிறகு ஒரு குரல், பிறகு மறுபடி சூடு. ஒரு கட்டத்தில், "நாங்க கொஞ்சம் ஓட்டிப் பாக்குறோம் சார்," என்றார்கள். கம்பி வழியாக அவர்கள் அனுப்பிய மின்துடிப்பில் என் இதயம் வேகமாக, ஒரே சீராக ஓடியது. அந்த ஓட்டம் என்னுடையது அல்ல. அடுத்த அறையில் யாரோ விசையைத் திருப்ப, சட்டென நின்று, என் துடிப்புக்குத் திரும்பியது.

வார்டில் கண் விழித்தபோது அவள் குனிந்திருந்தாள். "பேசுங்க," என்றாள். நாக்கு தடித்துக் கிடந்தது. வாய் திறந்தும் குரல் வரவில்லை. அவள் கை என் தோளில் இறுகியது. "பேசுங்களேன்."

"தோள் வலிக்குது," என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாலையில் டாக்டர் வந்து பதிவைக் காட்டினார். மேலே ஒரு வரி, மூன்று வருடமாக நான் பார்க்காத ஒழுங்கில் போயிற்று. கீழே இன்னொரு வரி, கிறுக்கியதுபோல.

"கீழ இருக்கிறது யாரோடது?"

"உங்களோடதுதான். நுரையீரல்லேருந்து வர்ற குழாய்க்குள்ள அது இன்னும் நடுங்கிட்டுதான் இருக்கு. சுத்தி வடு போட்டாச்சு. வெளிய வராது."

"எப்ப நிக்கும்?"

"சிலருக்கு நின்னுடும். நிக்கலன்னாலும் உங்களுக்குத் தெரியாது."

"அப்ப மாத்திரை?" என்றாள் அவள்.

"தொடரணும். நிறுத்தற அன்னிக்கி நான் சொல்றேன்."

"எழுதிக் குடுத்துடுங்க சார்," என்றாள். "தேதி போட்டு."