ஈரல் கலத்தின் கதவும் ஒரு றேசரும்

1. தேவாலய வளவில் நடந்த இரத்ததான முகாமில் அண்ணை இரத்தம் கொடுத்தார்.
2. மூன்று கிழமை கழித்து, நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஹெப்படைற்றிஸ் பி, ஈரலைத் தாக்கும் வைரஸ்.
3. நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் திரும்பச் சோதித்தேன். அதேதான்.
4. அண்ணையின் மனைவியான என் மச்சாளுக்கு இல்லை. அவருக்கு முதல் தடுப்பூசி போட்டோம்.
5. அம்மா அண்ணையின் சாப்பாட்டுக் கோப்பையையும் தேத்தண்ணிப் பேணியையும் தனியாக எடுத்து வைத்தார்.

ஐந்தாவதை நான் எதிர்பார்க்கவில்லை.

"கண் மஞ்சளாகிற செங்கமாரி சாப்பாட்டாலை தொத்தும், பிள்ளை. எனக்குத் தெரியாதே?" என்றார் அம்மா.

"நாயின்ரை கோப்பையும் தனியத்தான் கிடக்கு. அதுக்குப் பக்கத்திலை வையுங்கோவன்," என்றார் அண்ணை. மச்சாள் அவர் தோளில் ஒரு அடி வைத்தார்.

சாப்பாட்டால் வருவது வேறு வைரஸ் என்று சொன்னேன். சாப்பாடு சமிக்கக் குடலுக்குப் போன பித்த உப்பு இரத்தத்தோடு ஈரலுக்குத் திரும்பி வரும். அதை உள்ளே எடுக்க ஈரல் கலத்தின் மேல் ஒரு புரதம் இருக்கிறது. கதவு மாதிரி. அண்ணையிடம் உள்ள வைரஸ் முதலில் கலத்தின் மேற்பரப்பில் ஒட்டும். பிறகு அதன் மேலுறை அந்தக் கதவில் பொருந்தும். கலம் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். அந்தக் கதவை அடைய அது முதலில் இரத்தத்தில் கலக்க வேண்டும். கோப்பையால் அது நடக்காது.

"அப்ப கதவைப் பூட்டேலாதோ?" அப்பா கேட்டார்.

"தடுப்பூசி போட்டால் உடம்பு அந்த மேலுறையை மறைச்சுப்போடும், அப்பா. கதவிலை பொருந்தாது."

அம்மா எழுந்துபோய்ப் பேணியை மற்றப் பேணிகளோடு வைத்தார்.

"அப்ப இவருக்கு எப்பிடி இரத்தத்திலை கலந்தது?" என்று மச்சாள் கேட்டார்.

அண்ணையிடம் முன்பே பட்டியல் போட்டுக் கேட்டிருந்தேன்: ஊசி, பச்சை குத்தியது, பல்லுப் பிடுங்கியது, சலூன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். சலூனுக்கு எதிரே நானும் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

"சலூனுக்கு ஏன் போறார்? மாமாவும் இவரும் ஒரே றேசர்தானே," என்றார் மச்சாள்.

மண்டைதீவில் எங்கள் பக்கத்து ஆண்கள் சனிக்கிழமை கடலால் வந்து, ஞாயிறு பூசைக்காகக் கிணற்றடியில் தாடி வழிப்பார்கள். உப்பில் வெடித்த முகம், கீறாமல் வழிக்க வராது. ஒரு வீட்டுக்கு ஒரு றேசர். நான் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. என் பட்டியலில் அது இல்லை.

"புது பிளேட் போட்டால் நான்தான் முதல்," என்றார் அப்பா.

"மற்ற நாளிலை?"

அப்பா அண்ணையைப் பார்த்தார். "இவன் வழிச்சாப் பிறகு."

அண்ணை எழுந்து வெளியே போனார். அதுவரை அவர் பகிடி விட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த நாள் காலை அப்பாவின் இரத்தத்தை நானே எடுத்தேன். முடிவு வரும்வரை அண்ணை ஆய்வுகூட வாசலில் நின்றார். "அப்பாக்கு நான் குடுத்திட்டனோ? அதை மட்டும் சொல்லு," என்றார்.

இல்லை.

தொத்தியிருந்தாலும் இரத்தத்தில் தெரியச் சில கிழமை ஆகலாம் என்று மூன்றாவது மாதமும் பார்த்தேன், இல்லை. ஆறாவது மாதம் இன்னுமொரு சோதனை இருக்கிறது. அன்றே அப்பாவுக்கு மூன்றாவது தடுப்பூசியும் போட வேண்டும். அண்ணைக்கு எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியாது. வைரஸ் அவரது ஈரலில் இருக்கிறது. ஈரல் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. அதனால் மருந்து இன்னும் தொடங்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கிறோம்.