சந்தனம் பூசிய மோட்டார் சைக்கிள்

மிளகாய்க் கிட்டங்கியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவனுக்குத் தும்மல் மூச்சு விடுகிற மாதிரி. வீட்டில் தும்மினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோயிலில்தான் சிக்கல். தீபாராதனை காட்டுகிற நேரம் பார்த்து எனக்கு ஒற்றைத் தும்மலாக வரும். ஒற்றைத் தும்மல் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். பூசாரி தட்டை இறக்கிவிட்டு என்னைப் பார்ப்பார். கூட்டமும் பார்க்கும். ஒரு கார்த்திகையன்று அவர் பக்குவமாகச் சொல்லிவிட்டார்: "நீங்க கொஞ்சம் வெளிய மரத்தடியில நின்னு கும்பிடுங்களேன். முருகன் அங்கயும் இருக்கான்."

இருக்கிறான்தான். ஆனால் மரத்தடியிலிருந்து பார்த்தால் எனக்கு முன்னால் நிற்கிறவர்களின் முதுகுதான் தெரியும். அன்றிலிருந்து முதுகைக் கும்பிட்டவனின் வருத்தம் அது.

அறுபதுகளின் தொடக்கம் அது. ரங்கூனில் கம்பெனிகளெல்லாம் சர்க்கார் கைக்குப் போவதற்கு முந்திய காலம். மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டி என் முதலாளியின் கடையும் கிட்டங்கியும் இருந்தன. முதலாளி ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். ஓடைக்கு அக்கரையில் தாகேதாவில் புதிது புதிதாக வீடுகள் வந்துகொண்டிருந்தன. அங்கே இருக்கிற சின்னக் கடைகளுக்கெல்லாம் நாமே சரக்கு போட வேண்டும் என்பது அவர் ஆசை. ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து கடை வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, நோன்புப் பிறை தெரியறதுக்குள்ள நீ லைசென்ஸ் எடுத்துட்டா தாகேதா லைன் ஒனக்கு. நோன்புன்னா சேமியாவும் பேரீச்சம்பழமும் பறக்கும். ஒன்னால முடியலன்னா எம் மச்சானுக்குக் குடுத்துருவேன். அவன்கிட்ட லைசென்ஸ் இருக்கு."

பிறைக்கு மூன்று வாரம் இருந்தது. மிளகாயை விட்டு வெளியே போக எனக்கு வேறு வழி கிடையாது. அன்றைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரிக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, சந்தனத்தைக் கை நிறைய அள்ளி எங்கெங்கே தகடு இருந்ததோ அங்கெல்லாம் அப்பினார். நானும் மனம் உருகி ஒரு வேண்டுதல் வைத்தேன். என் தும்மல் நிற்க வேண்டும். அதற்காக ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், இந்தச் சந்தனத்தைத் துடைக்க மாட்டேன். உதிர்ந்தால் மேலே பூசுவேன்.

வேண்டுதலைக் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம்.

பழகுகிறவனுக்கு லைசென்ஸ் ஆபீசில் சீட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் இன்சூரன்ஸ் தாள் காட்ட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க் நம் தமிழ்க் கிறிஸ்தவர். மிஷன் பள்ளியில் படித்தவர், அந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பார்.

"வண்டி எத்தனை சிசி?" என்று கேட்டார்.

"கருப்பு வண்டி சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "கலர் கேக்கல. பவர் கேக்குறேன். பழகுறவங்களுக்கு இருநூத்தம்பது சிசி வரைக்கும்தான் நாங்க இன்சூரன்ஸ் குடுப்போம். அதுக்கு மேலன்னா வண்டி ஒங்களை ஓட்டும். ரிஜிஸ்தர் புத்தகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

புத்தகத்தைக் கொடுத்தேன். மழையில் ஊறி அந்தப் பக்கம் முழுவதும் நீல மை கலங்கிக் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ஜின் பக்கத்துல தகடு இருக்கும். அதுல இருக்கிற நம்பரைப் பாத்துட்டு வாங்க."

"பாக்க முடியாது சார்."

"ஏன், தகடு இல்லையா?"

"இருக்கு. சந்தனம் இருக்கு மேல."

"தொடைங்க."

"மண்டலம் முடியாம தொடைக்க முடியாது சார். இன்னும் நாப்பத்தாறு நாள் இருக்கு."

கிளார்க் தன் டையைச் சரிசெய்துகொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். வேறு யாராவதாக இருந்தால் விரட்டியிருப்பார்கள். அவர் மட்டும், "எங்க வீட்டுல கூட லெந்து நோன்புக் காலத்துல இப்படித்தான் ஏதாவது ஒண்ணு பிடிவாதமா நடக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு, இன்ஸ்பெக்டரை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார்.

"இருநூத்தம்பது வரைக்குமா? அந்தத் துரை முன்னூத்தம்பதுன்னு சொன்னாரே தம்பி."

"அப்போ இன்சூரன்ஸ் கெடைக்காது மொதலாளி" என்றேன்.

"சரி, நீ எதுக்கு அதைச் சொல்லப் போறே?" என்றார் முதலாளி. "பொய் சொல்லுன்னு நான் சொல்லல. அது ஹராம். சந்தனம்தான் மூடியிருக்கே. நீ வாயத் தொறக்காம நில்லு, அது போதும்."

அது சரிதான் என்று பட்டது. வாயைத் திறக்காமல் நிற்பது பாவம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இருந்தும் இரவெல்லாம் புரண்டு படுத்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டதாக ஆள் வந்து சொல்ல, கிட்டங்கியிலிருந்து சட்டைகூட மாற்றாமல் ஓடினேன். வந்தவர் பர்மியர், வயது ஐம்பது இருக்கும், கையில் குடை. சயா என்று கூப்பிட்டு வணங்கினேன். பர்மாவில் மரியாதைப்பட்டவர்கள் எல்லோரும் நமக்குச் சயாதான். அவர் பேசியது பர்மிய மொழி. எனக்கு ஞாபகம் உள்ளபடி தமிழில் எழுதுகிறேன்.

வண்டி மேல் மாலையையும் சந்தனத்தையும் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். குடையை மடக்கினார். பிறகுதான் கிட்டே வந்தார். எனக்கு அந்த நிமிஷமே அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது.

எண்ணைப் பார்க்க அவர்களிடம் ஒரு முறை உண்டு. தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் ஏறிவிடும். அவரும் தாளை வைத்துத் தேய்த்தார். தாளில் ஒன்றும் ஏறவில்லை. எழுத்துப் பள்ளத்தில் எல்லாம் சந்தனம் போய் உட்கார்ந்திருந்தது. தாளை முகர்ந்து பார்த்து, "வாசம் நன்றாக இருக்கிறது" என்றார்.

"துடைக்கலாமா?"

"வேண்டுதல் சயா."

"அப்படியானால் வேண்டாம்." குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். உள்ளே என் மனைவி அவருக்காக மொஹிங்கா தயார் செய்துகொண்டிருந்தாள். மீன் குழம்பின் மணம் வந்துகொண்டே இருந்தது. அவருக்குப் பசி போலிருக்கிறது. "பார்க்க நடுத்தரமான வண்டிதான். இருநூற்றைம்பது என்று போட்டுவிடவா?"

நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஆட்டப் போனேன். சட்டையில் இருந்த மிளகாய்த் தூளோ, மேலே இருக்கிறவனோ, தெரியாது. ஒரு தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று.

என் மனைவி கதவோரத்திலிருந்து, "முருகா, ஒத்தத் தும்மல்" என்றாள்.

அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. "முன்னூத்தைம்பது சயா" என்று சொல்லிவிட்டேன். "மொதலாளிகிட்ட துரை சொன்னாராம். நான் பேசாம இருந்துரலாம்னு நெனச்சேன். சாமி விடல."

இன்ஸ்பெக்டர் பென்சிலை நிறுத்தினார். தும்மலுக்கும் சிசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டில் பல்லி சத்தம் போட்டால் அவர் அம்மா வெளியே கிளம்ப மாட்டாராம்.

"உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். நானும் உண்மையைத்தான் எழுத வேண்டும்" என்று வருத்தமாகச் சொன்னார். "பழகுகிறவருக்கு முன்னூற்றைம்பது கிடையாது."

தாகேதா என் கண்ணெதிரே ஓடைக்கு அக்கரையிலேயே நின்றுவிட்டது. மறுபடி மிளகாய். மறுபடி மரத்தடி.

மொஹிங்காவைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் புரட்டினார் என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இன்னொரு வரி இருக்கிறது. பக்கத்தில் மூன்றாவது சக்கரம் மாட்டிய வண்டிக்கு இந்த வரம்பு இல்லை. கவிழாது என்பதால். ஆனால் அந்தப் பெட்டியெல்லாம் சீமையிலிருந்து வரவேண்டும்."

என் மனைவி இன்னொரு கரண்டி ஊற்ற வந்தவள் அப்படியே தெருவைப் பார்த்தாள். எதிரே மரநிழலில் ஒரு சைக்கா நின்றது. ரங்கூனில் இருந்தவர்களுக்குத் தெரியும். சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம் வைத்து, ஒருவர் முன்னால் பார்த்தும் ஒருவர் பின்னால் பார்த்தும் உட்காருகிற மாதிரி இரண்டு இருக்கை கட்டியிருப்பார்கள்.

"ஏங்க, அந்த மூணாவது சக்கரம் சீமையிலேர்ந்துதான் வரணுமா? எதுத்தாப்புலயே நிக்குதே" என்றாள்.

இன்ஸ்பெக்டர் கிண்ணத்தோடு எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தார். சைக்காவைப் பார்த்தார், என் வண்டியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். "எங்கே செய்தது என்று இதில் எழுதவில்லை" என்றார்.

சைக்கிள் ஒடிந்து சும்மா கிடந்த ஒரு சைக்காவின் பக்கப் பெட்டியை முதலாளி வாங்கித் தந்தார். பட்டறையில் பற்றவைத்து, சந்தனத்தில் பொறி படாமல் ஈரச் சாக்குப் போட்டு மூடி, வண்டியோடு சேர்த்தோம். பார்க்கிறதற்கு யானைக்குப் பக்கத்தில் ஊஞ்சல் கட்டியது மாதிரி இருந்தது. தெருவில் பாதி ஜனம் கூடிவிட்டது. முதலாளியின் மச்சானும் வந்து, "இதுல லைசென்ஸ் எடுத்தா கல்யாண ஊர்வலத்துக்குத்தான் போகலாம்" என்றான்.

பிறைக்கு நான்கு நாள் இருக்கையில் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். வழக்கம்போல் செருப்பை வாசலில் விட்டார். சக்கரம் உறுதியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத்தான் எழுதுவேன் என்று சொல்லி, பெட்டியில் ஏறினார். முன் இருக்கையில் என் மனைவி நல்ல சகுனத்துக்காகத் தேங்காயும் வெற்றிலையும் வைத்திருந்தாள். அதனால் அவர் பின்னால் பார்க்கிற இருக்கையில் உட்கார்ந்தார்.

நான் அதுவரை அந்த வண்டியைத் தள்ளித்தான் இருக்கிறேன். பட்டறைக்காரன் சொல்லிக் கொடுத்தபடி முறுக்கினேன். வண்டி கிளம்பிவிட்டது. எங்கே போக நினைத்தாலும் பெட்டி இருக்கிற பக்கமே இழுத்தது. ஓடைக் கரை வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. ஆனால் அது ஒரே பக்கம்தான் திரும்பியது. ஆகவே ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி, எங்கள் தெருவையே மூன்று முறை சுற்றி வந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் என் மனைவி கைகூப்பி நின்றாள். இன்ஸ்பெக்டர் குடையை மார்போடு பிடித்துக்கொண்டு, கடந்துபோன இடங்களை மட்டும் பார்த்தபடி வந்தார்.

"சயா, பயமா இருக்கா?" என்று கத்தினேன்.

"இங்கே உட்கார்ந்தால் எதுவும் வருவது தெரியவில்லை. போனதுதான் தெரிகிறது. நிம்மதி" என்றார்.

வண்டி ஒரு வழியாக வீட்டு வாசலில் செருப்பை உரசி நின்றது. அவர் இறங்கி, வெறுங்காலோடு நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "கவிழவில்லை. அதுதான் விதி" என்றார்.

அந்தத் தாளைக் காட்டி லைசென்ஸ் ஆபீசில் பழகுகிறவன் சீட்டு வாங்கினேன்; முதலாளிக்கு அதுவே போதுமாக இருந்தது. பிறை தெரிந்த மறுநாள் எல் போர்டைக் கட்டிக்கொண்டு தாகேதாவுக்குச் சரக்கு கொண்டுபோனேன். முன் இருக்கையில் சேமியா, பின் இருக்கையில் பேரீச்சம்பழம். சைக்கிளில் நான்கு நடை போகிற சரக்கு ஒரே நடையில் போனது. மச்சான் அதற்குப் பிறகு ஊர்வலத்தைப் பற்றிப் பேசவில்லை.

மிளகாயை விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, தும்மல் குறைந்துவிட்டது. மண்டலம் முடிந்த அன்று கோயிலில் பூசாரி என்னை உள்ளே வரச் சொன்னார். தீபாராதனையில் என் அப்பன் முருகன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. கண்தான் நிறைந்துவிட்டது.

வெளியே வந்து, வேண்டுதல் முடிந்ததென்று வண்டியின் சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். தகட்டில் எண் தெளிவாக இருந்தது. இருநூற்றைம்பது.

முதலாளியிடம் ஓடினேன். அவர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். "துரைகிட்ட ரெண்டு வண்டி இருந்துச்சு தம்பி. அவரு மொதல்ல வித்ததுதான் முன்னூத்தம்பது போலருக்கு."

அப்படியென்றால் சாமி தும்மல் கொடுத்து என்னைச் சொல்ல வைத்தது பொய்யா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, நடந்ததைச் சொல்லி, மூன்றாவது சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தாளை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மாற்றி எழுதினால் அவர் மறுபடி என்னோடு வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"வீட்டில் சந்தனம் மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கு சயா."

"பூசிவிடுங்கள்."

பூசினேன். இந்தத் தடவை வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை.